காற்று வேறு, குளிர் வேறு

ஏ.சி. பூட்டிய காரில் ஏறி, விசிறியை உச்ச வேகத்தில் வைத்தும் முகத்திலே காற்றுப் படவில்லையெனில், நம்மவர் வாயிலிருந்து உடனே பிறக்கும் வார்த்தை ஒன்றுண்டு: "காஸ் முடிந்துவிட்டது." இவ்வார்த்தை இன்று ஏறக்குறைய ஒரு பழமொழியின் நிலையை அடைந்துவிட்டது. வீட்டார் சொல்கின்றனர், அயலார் ஆமோதிக்கின்றனர், கராஜுக்குச் சென்றால் அங்குள்ளாரும் பெரும்பாலும் மறுப்பதில்லை. காஸ் நிரப்பப்படுகின்றது, பணம் கைமாறுகின்றது, காற்றோ முன்போலவே சோம்பி வருகின்றது. வயிற்றுவலி என்று வந்தவருக்குக் கண்ணில் மருந்திட்டு அனுப்பினால் எவ்வாறிருக்குமோ, அவ்வாறே இதுவும்.

கிளிநொச்சிப் பகுதியிலிருந்து ஆசிரியை ஒருவர் நமக்கு எழுதியுள்ள கடிதமே இவ்வாரம் இப்பொருளை எடுத்துக்கொள்ளத் தூண்டியது. அவருடைய தாயார் எழுபது வயதைக் கடந்தவர், இருதய நோயுடையவர். மாதந்தோறும் கிளினிக்குக்காக ஏ9 வீதி வழியே யாழ்ப்பாணத்துக்கு அழைத்துச் செல்லவேண்டியிருக்கின்றது. காரோ பத்தாண்டுக்கு மேற்பட்ட ஜப்பானியச் சிறு கார். ஓராண்டினுள் இருமுறை காஸ் நிரப்பியாயிற்று. முன்னே இருப்போருக்குச் சிறிது குளிர் தெரிகின்றது. பின்னிருக்கையில் அமரும் தாயாருக்கோ காற்றே எட்டுவதில்லை. வீடு திரும்புமுன் வியர்த்துக் களைத்துவிடுகின்றார். "மூன்றாம் முறையும் காஸ் நிரப்புவதா, அன்றிக் காரையே விற்றுவிடுவதா?" என்று அவர் கேட்கின்றார். இரண்டும் வேண்டியதில்லை என்பதே நாம் சொல்லக்கூடிய முதல் மறுமொழி. அதற்கான காரணத்தை விளக்கவே இக்கட்டுரை.

இக்கேள்வி அவர் ஒருவருக்கே உரியதன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நம் நாட்டிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலேதான். இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்தாண்டுக் காலத்தில், இருந்த கார்களே மேலும் மேலும் ஓடி முதுமை எய்தின. மீண்டும் இறக்குமதி தொடங்கிய பின்னரும் புதியதொன்றை வாங்குவது நடுத்தரக் குடும்பத்துக்கு எளிதாய் இல்லை. ஆதலின், கையிலுள்ளதை அறிந்து பேணுதலே அறிவுடைமை.

இரண்டு வழிகள்

காரின் ஏ.சி. ஒரே யந்திரம்போலத் தோன்றினும் உண்மையில் அது இரண்டு வேலைகள் கூடிய ஓர் அமைப்பு. குளிரை உண்டாக்குவது ஒரு வேலை. அக்குளிரை நம்மிடம் கொண்டுவந்து சேர்ப்பது மற்றொரு வேலை.

குளிரை உண்டாக்குவதற்கே காஸும், அதனை அமுக்குகின்ற கொம்பிரசரும் உள்ளன. அமுக்கப்பட்டுச் சூடேறிய காஸ், காரின் முன்புறத்து ஒடுக்கியில் வெப்பத்தை இழந்து திரவமாகின்றது. பின்னர், டாஷ்போட்டின் உள்ளே மறைந்திருக்கும் ஆவியாக்கிக்குள் மீண்டும் ஆவியாகிச் சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கின்றது. நெற்றியில் ஸ்பிரிற்று தடவினால் குளிர்வது எதனாலோ, அதனாலேயே இதுவும் குளிர்கின்றது. இந்தக் காஸ் மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றி வருவது. நம் முகத்தில் படுகின்ற காற்றோடு அதற்கு யாதொரு கலப்பும் இல்லை.

காற்றை அனுப்புவது புளோவர் என்று கராஜில் சொல்லப்படும் மின்விசிறியின் தனி வேலை. கொம்பிரசரை அறவே நிறுத்திவிட்டாலும் விசிறி ஓடும், காற்று வரும், குளிர்தான் இராது. ஆகவே, காற்று நன்றாக வந்து குளிர் இல்லையெனின் நோய் காஸ் ஓடும் வழியிலே இருக்கக்கூடும். குளிர் இருந்து காற்றுக் குறைவெனின் நோய் காற்றோடும் வழியிலே உள்ளது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்திற் கொண்டவர் வீண்செலவில் பாதியைத் தவிர்த்துவிடுவார்.

சரித்திரமும் இதற்குச் சான்று பகரும். தொழிற்சாலையிலேயே ஏ.சி. பொருத்திக் கொடுக்கப்பட்ட முதற் கார் அமெரிக்காவின் பக்கார்ட் கம்பனி 1940ஆம் ஆண்டுக்கென வெளியிட்ட மாதிரியாகும். அதில் ஆவியாக்கியும் விசிறியும் பின்புறத்துச் சாமான் அறையிலே இருந்தன. கொம்பிரசரை நிறுத்துவதற்கு ஒரு விசை இல்லை. வேண்டாத காலத்தில் எஞ்சினை நிறுத்திப் பொனற்றைத் திறந்து பட்டியைக் கழற்றவேண்டும்! விசிறியை மட்டும் உள்ளிருந்தபடியே நிறுத்தலாம். குளிரும் காற்றும் தனித்தனி என்பதை அக்காலத்துச் சாரதிகள் தம் கைகளாலேயே அறிந்திருந்தனர். இன்று இரண்டையும் ஒரே பலகையிலுள்ள விசைகள் ஆள்வதால் நாம் அதனை மறந்தோம்.

காற்று நடந்து வரும் பாதை

வழியை அறியாமல் தடையைத் தேடமுடியாது. முன்கண்ணாடியின் அடியில், வைப்பர்கள் படுத்திருக்கும் இடத்திலே துவாரங்கள் உள்ள ஒரு பலகையைக் காணலாம். வெளிக்காற்று அவ்வழியே உள்ளே நுழைகின்றது. அடுத்து ஒரு கதவு. அது வெளிக்காற்றை எடுப்பதா, காரினுள் இருக்கும் காற்றையே திரும்பச் சுற்றவிடுவதா என்பதைத் தீர்மானிக்கின்றது. வளைந்த அம்புக்குறி போட்ட விசை அதற்குரியது. பெரும்பாலான ஜப்பானியச் சிறு கார்களில் அக்கதவின் பின்னே வடிகட்டியும், வடிகட்டியின் பின்னே விசிறியும், விசிறியின் பின்னே ஆவியாக்கியும் வரிசையாக அமைந்துள்ளன. ஆவியாக்கியைக் கடந்த காற்றை வேறு சில கதவுகள் முகத்துக்கோ, காலுக்கோ, கண்ணாடிக்கோ பிரித்து அனுப்புகின்றன.

இவ்வழியில் எவ்விடத்தும் தடை நேரலாம். வேப்பமரத்தின் கீழ்க் காரை நிறுத்துவோர் நம்மிடையே பலர். நிழல் நல்லதே, ஆயினும் பூவும் சருகும் கண்ணாடியடித் துவாரங்களில் விழுந்து மழைநீரிற் பதமாகித் தடித்துவிடும். ஒழுங்கையிலும் தோட்டத்துப் பாதையிலும் எழுகின்ற செம்மண் புழுதி வடிகட்டியிற் படிந்து அதன் மடிப்புகளை அடைத்துவிடும். பல நாள் அசையாது நிற்கும் காரிலே எலியோ அணிலோ பஞ்சும் நாரும் கொண்டுவந்து விசிறியறையிலே கூடு கட்டுவதும் உண்டு. இவற்றுள் எதனையும் எவ்வளவு காஸ் நிரப்பினும் அகற்றமுடியாது.

செலவில்லாச் சோதனைகள்

கராஜுக்குப் போகுமுன் வீட்டு முற்றத்திலேயே செய்துபார்க்கக்கூடிய சோதனைகள் சில உள. பௌதிகம் பயிலும் மாணவர் வீட்டில் இருப்பின் இவற்றை அவரிடமே ஒப்படைக்கலாம். கருவி வேறொன்றும் வேண்டியதில்லை. அப்பியாசக் கொப்பியிலிருந்து கிழித்த ஒரு விரல் அகலக் கடதாசித் துண்டு போதும். காற்றுத் துவாரத்தின் முன்னே அதனைத் தொங்கவிட்டால், அது எவ்வளவு சாய்கின்றது என்பதே காற்றின் அளவுகோல். ஒவ்வொரு முறையும் ஒரே துவாரத்தின் முன்னே, ஒரே தூரத்திற் பிடித்தல் வேண்டும். அன்றேல் ஒப்பீடு பயன்தராது.

முதலாவது, துவாரங்களின் சிறு கதவுகள் எல்லாம் திறந்துள்ளனவா என்று பார்த்தல். குழந்தைகள் விளையாட்டாக மூடிவிட்டிருக்கலாம். ஒரு துவாரத்தில் மட்டும் காற்றுக் குறைந்து ஏனையவை நன்றாக இருப்பின், அத்துவாரத்தையோ அதற்குச் செல்லும் குழாயையோ பார்த்தாற் போதும்.

இரண்டாவது, விசிறியை உச்ச வேகத்தில் வைத்து, வெளிக்காற்று, உட்சுழற்சி என்னும் இருநிலைகளிலும் கடதாசியைப் பிடித்துப் பார்த்தல். உட்சுழற்சியில் நன்றாகச் சாய்ந்து வெளிக்காற்றில் மட்டும் தளருமாயின், அடைப்பு கண்ணாடியடித் துவாரங்களிலே உள்ளதென்று பெரும்பாலும் கொள்ளலாம். இரண்டிலும் ஒன்றுபோலத் தளருமாயின், தடை வடிகட்டியிலோ அதற்கு அப்பாலோ உள்ளது.

மூன்றாவது, காற்றை முகத்துக்கு விட்டுக் காலடியிலும் கண்ணாடியடியிலும் கை வைத்துப் பார்த்தல். அங்கே காற்றுப் பெருகி முகத்துக்கு மட்டும் குறையுமாயின், பிரித்தனுப்பும் கதவு தன் நிலைக்கு வரவில்லை என்பது பொருள்.

நான்காவது, செவியாற் கேட்டல். விசிறி பெருஞ்சத்தத்துடன் ஓடியும் காற்று வரவில்லையெனின், விசிறி உயிரோடுதான் இருக்கின்றது, வழியே அடைபட்டுள்ளது. வீடு துப்புரவாக்கும் உறிஞ்சியின் குழாயைக் கையால் அடைத்தால் அதன் ஓசை உயர்வதை மாணவர் கவனித்திருப்பர். அவ்வாறன்றி விசிறியின் சத்தமே மெலிந்து கேட்குமாயின், மோட்டாரையோ அதற்கு மின் செல்லும் வழியையோ ஐயுறவேண்டும்.

ஐந்தாவது, வடிகட்டியைக் கழற்றிவிட்டு இரண்டொரு நிமிடம் மட்டும் விசிறியை ஓடவிட்டுப் பார்த்தல். கடதாசி இப்பொழுது நன்றாக எழுந்து சாயுமாயின் வழக்கு முடிந்தது, குற்றவாளி வடிகட்டியே. அது இன்றியே நெடுந்தூரம் ஓடுதல் மட்டும் ஆகாது. வடிகட்டி இல்லாதபோது புழுதி ஆவியாக்கியின் நெருங்கிய தகடுகளிலே போய்ப் படியும். அங்கே படிந்ததை எடுப்பது பெருவேலை.

வடிகட்டியை மாற்றும் முறை

இவ்வேலைக்குப் பெரும்பாலான ஜப்பானியக் கார்களில் ஆயுதம் ஒன்றும் வேண்டியதில்லை. எஞ்சினை நிறுத்தித் திறப்பை எடுத்துவிடுக. சாரதிக்கு அருகிலுள்ள முன்னிருக்கையின் எதிரே இருக்கும் கிளவ் பொக்ஸை வெறுமையாக்குக. அதன் பக்கத்தில் மெதுவாகத் திறக்கச் செய்யும் சிறு கோல் இருப்பின் அதனைக் கழற்றி, இருபக்கங்களையும் உட்புறமாக அழுத்தினால் பெட்டி கீழே இறங்கும். உள்ளே நீள்சதுரமான ஒரு பிளாஸ்டிக்கு மூடி தோன்றும். அதன் கொளுவிகளை அழுத்தி இழுத்தால் வடிகட்டி தட்டோடு வெளிவரும். சில கார்களில் இவ்வமைப்பு வேறுபடும். காரோடு வந்த கைநூலைப் பார்ப்பது நன்று.

கவனிக்கவேண்டியன சில உண்டு. வெளியே எடுக்கும்பொழுது எப்பக்கம் மேலே இருந்தது என்பதையும், அம்புக்குறி எத்திசை நோக்கியது என்பதையும் குறித்துக்கொள்க. புதியதையும் அவ்வாறே வைத்தல் வேண்டும். கடதாசி வடிகட்டியைத் தண்ணீரிற் கழுவுதல் தகாது. மடிப்புகள் நெளிந்து இழைகள் சிதைந்துவிடும். தட்டி எடுத்தல் இரண்டொரு வாரத்துக்கு உதவும். புதியதுக்கு அது ஈடாகாது. கிளவ் பொக்ஸுக்கு மேலே விபத்துக் காலத்தில் விரியும் காற்றுப்பை இருக்கின்றது; மஞ்சள் நிறக் கொளுவியுடைய கம்பிகளைத் தொடவோ இழுக்கவோ கூடாது. எலியெச்சம் காணப்படின் வாயையும் மூக்கையும் மூடி, கையுறை அணிந்து, ஈரத்துணியால் துடைத்தெடுத்தல் வேண்டும். எலிக்காய்ச்சல் நம் நாட்டிலே அலட்சியம் செய்யத்தக்க நோயன்று.

எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை மாற்றுவது? 15,000 முதல் 20,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை, அல்லது ஆண்டுக்கு ஒருமுறை என்று கைநூல்கள் பலவும் கூறும். புழுதி மிகுந்த பாதையில் ஓடும் கார்களுக்கு அதிற் பாதியே தக்க கணக்கு. பழைய, விலை குறைந்த மாதிரிகள் சிலவற்றில் வடிகட்டிக்கென இடம் இருந்தும் வடிகட்டி வைக்கப்படாமலே கார் வந்திருப்பதுண்டு. அத்தகைய கார்களில் ஆவியாக்கியே இத்தனை ஆண்டுகளாக வடிகட்டியின் வேலையைச் செய்துவந்திருக்கும். அதனைக் கழுவுவிப்பது தேர்ந்த தொழிலாளரின் பணி.

விசிறியின் நோய்கள்

வடிகட்டி புதிதாயிருந்தும் காற்று வராவிடின் அடுத்துப் பார்க்கத்தக்கது விசிறி. கைவிளக்கு ஒன்றைக் கொண்டு பார்த்தால், வட்டமாக நிற்கும் சிறு இதழ்களின் இடையே சருகும் புழுதியும் அப்பியிருத்தல் தெரியவரும். இதழ்களின் வளைவு நிரம்பிவிட்டால் விசிறி சுழலும். ஆனால் காற்றை அள்ளாது.

மின்வழி நோய்களுள் ஒன்று வெகு எளிதிற் கண்டறியத்தக்கது. நான்கு வேகமுடைய விசிறி 1, 2, 3 என்னும் நிலைகளில் ஓடாது, 4இல் மட்டும் ஓடுமாயின், அது பெரும்பாலும் மின்தடை எரிந்ததன் அடையாளம். காரணம் மாணவருக்கு விளங்கும். குறைந்த வேகங்களில் மின்னோட்டம் தொடராக வைக்கப்பட்ட தடைகளினூடே சென்று மோட்டாரை அடைகின்றது. உச்ச வேகத்திலோ தடைகளை விட்டு நேரே செல்கின்றது. 12 வோல்ற்றில் 20 அம்பியர் எடுக்கும் மோட்டாரின் வலு 240 வாற்று. வேகத்தைக் குறைக்கும்போது ஒரு பகுதி தடையிலே வெப்பமாகின்றது. அவ்வெப்பத்தை ஆற்றுவதற்காகவே அத்தடை காற்றோடும் வழியில் வைக்கப்பட்டுள்ளது. காற்று மெலிந்தால் தடைக்கும் ஆறுதல் மெலியும். தானியங்கி ஏ.சி. உள்ள கார்களில் இத்தடைக்குப் பதிலாக ஒரு மின்னணு உறுப்பு இருக்கும். விசிறி எவ்வேகத்திலும் ஓடாவிடின் பியூஸ், றிலே, கொளுவி, மோட்டார் என்னும் வரிசையிற் பார்த்தல் முறை. பியூஸ் எரிந்திருப்பின் அதே அளவுடையதையே இடவேண்டும். பெரியதை இடுவது தீயை விருந்துக்கு அழைப்பதாகும்.

உறைபனி செய்யும் மாயம்

இனி, பலரையும் மயக்கும் ஒரு நிலையைச் சொல்லவேண்டும். புறப்பட்ட வேளையில் காற்று நன்றாக வருகின்றது. அரைமணி, ஒருமணி நேரம் சென்றபின் மெல்ல மெல்லக் குறைந்து ஏறக்குறைய நின்றேவிடுகின்றது. வழியில் காரை நிறுத்தித் தேநீர் அருந்தி வந்து பார்த்தால் மீண்டும் நன்றாக வருகின்றது. காரின் அடியிலே வழமையிலும் கூடுதலாகத் தண்ணீர் வடிந்திருக்கின்றது. இது பேய் விளையாட்டன்று. ஆவியாக்கி உறைந்ததன் விளைவு.

ஆவியாக்கியின் மேற்பரப்பு 0 பாகைக்குச் சற்று மேலே நிற்கவேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் காற்றிலுள்ள ஈரம் பனிக்கட்டியாய் உறைந்து தகடுகளின் இடைவெளியை அடைத்துவிடும். நிறுத்தியதும் பனி உருகுகின்றது, வழி திறக்கின்றது. வெப்பநிலையை அறிந்து கொம்பிரசரை நிறுத்தச் செய்யும் உணரி பழுதானாலும், வடிகட்டி அடைபட்டுப் போதிய காற்று ஆவியாக்கியைக் கடவாவிடினும், காஸ் ஓரளவு குறைந்து அதன் அமுக்கம் தாழ்ந்தாலும் இது நேரும். காற்றுக் குறைவுக்குக் காஸ் காரணமாகும் நிலை இது ஒன்றே. ஆதலின், "தொடக்கத்திலேயே குறைவா, போகப் போகக் குறைகின்றதா?" என்னும் கேள்வியை எவரும் முதலிற் கேட்கவேண்டும். அவ்வாறு வழியில் நேரின், கொம்பிரசரை நிறுத்தி விசிறியை மட்டும் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டாற் பனி உருகிவிடும், பயணத்தைத் தொடரலாம், பழுதைப் பின்னர் பார்ப்பிக்கலாம்.

ஏன் பொறுத்திருத்தல் ஆகாது

"காற்றுச் சிறிது குறைந்தால் என்ன? கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு போகலாமே" என்பர் சிலர். வெயிற் காலத்துக்கு அது பொருந்தலாம். ஐப்பசி, கார்த்திகை மழையிலே என் செய்வது? கண்ணாடிகளைத் தாழ்த்தமுடியாது, உள்ளே நால்வர் விடும் மூச்சின் ஈரம் குளிர்ந்த முன்கண்ணாடியிலே புகையாகப் படியும். அட்டன், நுவரெலியா மலைப்பாதையில் ஓட்டுவோர் இதனை நன்கறிவர். இப்புகையை அகற்றுவது, ஏ.சி. உலரச் செய்த வெளிக்காற்றுக் கண்ணாடியிலே பலமாக வீசுவதொன்றே. காற்று மெலிந்த காரிலே சாரதி ஒரு கையால் துணிகொண்டு துடைத்தபடி மறுகையால் ஓட்டுகின்றார். எதிரே விளக்கில்லாச் சைக்கிள் ஒன்று வந்தால் நேரக்கூடியதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இன்னொன்று: காற்றுப் போதாதென்று உட்சுழற்சியிலேயே மணிக்கணக்காக ஓடுவோர் உளர். மூடிய காரினுள்ளே மூச்சினால் காபனீரொட்சைட்டு மிகும்; தூக்கமும் தலைப்பாரமும் வரும். நெடுவழி இரவுப் பயணத்திற் சாரதிக்கு இது நன்றன்று. இடையிடையே வெளிக்காற்றை விடுதல் வேண்டும்.

டொயோட்டாவின் அக்குவா, பிரியஸ் முதலிய ஹைபிரிட் கார்களை நம்மவர் பலர் வைத்துள்ளனர். இவற்றின் பெரிய மின்கலம், பின்னிருக்கையின் பக்கத்துத் துவாரத்தினூடாகக் காரினுள்ளிருக்கும் காற்றையே உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்வது. காரின் உள்ளே வெப்பம் மிகுந்தால் மின்கலமும் வெப்பத்தில் வாடும். அத்துவாரத்தைப் பையாலோ துணியாலோ மறைத்தலும் ஆகாது. காற்றுக் குறைவு இங்கே சுகக்குறைவோடு நிற்பதில்லை. காரின் மிக விலையுயர்ந்த உறுப்பின் ஆயுளையும் தொடுகின்றது.

கராஜிற் சொல்லவேண்டியது

நல்ல தொழிலாளரிடம் சென்றாலும் நோயைச் சரியாகச் சொல்லத் தெரிந்திருத்தல் வேண்டும். "ஏ.சி. வேலை செய்யவில்லை" என்று பொதுவாகச் சொல்லாது, "குளிர் உண்டு, காற்றுக் குறைவு, உட்சுழற்சியிலும் குறைவு, வடிகட்டியை எடுத்தும் மாறவில்லை, தொடக்கமுதலே இப்படித்தான்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் காஸ் உருளையை நாடாமல் விசிறியை நாடுவார்.

காஸ் நிரப்பவேண்டும் என்று அவர் சொன்னால், முதலில் அமுக்கத்தை அளந்து காட்டுமாறு மரியாதையோடு கேட்கலாம். காஸ் பெற்றோலைப்போல எரிந்து தீர்வதன்று. மூடிய சுற்றிலே சுழல்வது. பல ஆண்டுகளிற் சிறிது கசியலாம். சில மாதங்களிற் குறைந்துவிட்டதெனின் பெரிய கசிவு உள்ளதென்பதே பொருள். கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பது. அளவுக்கு மிஞ்சி நிரப்பினாலோ அமுக்கம் ஏறிக் குளிரும் கெடும், கொம்பிரசரும் வருந்தும்.

இதில் ஊருக்கு உரிய பங்கும் ஒன்றுண்டு. இன்று ஓடும் கார்கள் பெரும்பாலானவற்றில் உள்ள ஆர்-134ஏ என்னும் காஸ், ஓசோன் படலத்துக்குத் தீங்கு செய்யாதெனினும், பூமியைச் சூடாக்குவதில் வலியது. நூறாண்டுக் கணக்கில் அதன் ஒரு கிலோ ஏறக்குறைய 1,430 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமென மதிப்பிடுவர். சிறு காரொன்றில் 400 முதல் 500 கிராம் வரை இருக்கும். அதனை வீணே வெளியேவிட்டுப் புதிதாக நிரப்புவது, குடும்பப் பணத்தோடு வருங்காலப் பிள்ளைகளின் வானத்தையும் செலவழிப்பதாகும்.

எனவே, கடிதம் எழுதிய ஆசிரியைக்கு நாம் சொல்வது இது: மூன்றாம் முறை காஸ் நிரப்புமுன் கிளவ் பொக்ஸை இறக்கி வடிகட்டியைப் பாருங்கள். குளிர் இருக்கின்றது, காற்றுத்தான் எட்டவில்லை என்று நீங்களே எழுதியுள்ளீர்கள். உங்கள் கேள்வியினுள்ளேயே பாதி விடை அடங்கியுள்ளது. வடிகட்டி சுத்தமெனின் மேற்சொன்ன வரிசையிலே செல்லுங்கள். தாயாரை ஏற்றுமுன் கதவுகளைத் திறந்து, உள்ளே தேங்கிய வெப்பத்தை வெளியேற்றுங்கள். நடுத்துவாரங்கள் இரண்டையும் மேல்நோக்கித் திருப்பிவிட்டால், காற்று முன்னிருக்கைகளின் மேலாகப் பின்னே சென்று சேரும்.

மாணவர்களுக்கும் ஒரு சொல். நோய் ஒன்றாயினும் காரணங்கள் பல இருக்கக்கூடும். ஒவ்வொரு காரணத்தையும் மற்றவற்றினின்றும் பிரித்துக் காட்டும் சோதனை எதுவென்று சிந்திப்பதே விஞ்ஞானம். அதனைச் செய்ய ஆய்வுகூடம் வேண்டுமென்பதில்லை. வீட்டு முற்றமும் ஒரு கடதாசித் துண்டும் போதும். காருக்கென ஒரு சிறு கொப்பி வைத்து, வடிகட்டி மாற்றிய திகதியையும் அன்று மீற்றர் காட்டிய கிலோமீற்றரையும் எழுதி வையுங்கள். அடுத்த முறை எவரேனும் "காஸ் முடிந்துவிட்டது" என்று தொடங்கும்பொழுது, அக்கொப்பியை எடுத்து நீட்டுங்கள்.